கூட்டுவது இன்றைக்கு, குறைப்பது நாளைக்கு

குழு: தெப்பக்குளத்து வீடு
4 ஜூலை 2025, வெள்ளிக்கிழமை

[காலை 7:12] ஆஸ்டின் அத்தான்: டிரம்பின் பெரிய வரி, செலவு மசோதா நிறைவேறிவிட்டது! அமெரிக்கக் கீழவையில் 218க்கு 214. இங்கே விடிந்தால் ஜூலை 4, அதிபர் கையெழுத்திடுகிறார். 2017 வரிக் குறைப்பு டிசம்பரோடு முடிந்துவிடுமோ என்ற கவலை இனி இல்லை. அப்பா, இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்குங்கள்.

[காலை 7:15] பிளேனோ மாமா: நிம்மதியா? பத்து ஆண்டுகளில் பற்றாக்குறையைச் சுமார் 3.3 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் கணக்குப் போட்டிருக்கிறது. அரசு வாங்கக்கூடிய கடனின் உச்சவரம்பை ஒரே வீச்சில் 5 லட்சம் கோடி உயர்த்தியிருக்கிறார்கள். இதற்கு ஜனநாயகக் கட்சியிலிருந்து ஒரு வாக்குகூட விழவில்லை. எல்லாமே நம் குடியரசுக் கட்சியினர் போட்ட வாக்கு, கடனைக் கூட்டும் சமரசம்.

[காலை 7:16] எடிசன் அக்கா: மாமா, நீங்கள் இதை எதிர்ப்பீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

[காலை 7:18] மதுரை பெரியம்மா: தம்பி, அங்கேயிருந்து பணம் அனுப்பினால் வரி பிடிப்பார்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னார்களே, உண்மையா?

[காலை 7:20] பிளேனோ மாமா: அக்கா, முதலில் 5 சதவீதம் என்றார்கள், பிறகு 3.5, கடைசியில் 1 சதவீதத்தில் நின்றது. ரொக்கமாகவோ மணியார்டராகவோ கொடுத்து அனுப்புகிறவர்களுக்கு மட்டும்தான் அது. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புகிற நமக்கு இல்லை. கவலைப்படாதீர்கள்.

[காலை 7:21] மதுரை பெரியம்மா: சரி. பிறகு ஏன் இவ்வளவு கோபம்?

[காலை 7:22] நான்: எனக்கும் அதே கேள்விதான் மாமா. இரண்டு அவையும் உங்கள் கட்சியிடம், அதிபரும் உங்கள் கட்சி. இதில் யாரோடு சமரசம்?

[காலை 7:31] பிளேனோ மாமா: கேட்க வேண்டிய கேள்வி அதுதான் அம்மா. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்க்கட்சியோடு சமரசம் செய்தாலாவது எதற்காக விட்டுக்கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். இது கட்சிக்குள்ளேயே நடந்த பேரம். செனட்டில் 50க்கு 50 என்று நின்று, துணை அதிபர் வான்ஸ் வந்து வாக்களித்த பிறகுதான் தேறியது. அப்படி இழுபறியாக இருக்கும்போது ஒவ்வொரு வாக்குக்கும் விலை ஏறும். நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா உறுப்பினர்கள் மத்திய வரிக் கணக்கில் மாநில, உள்ளூர் வரிகளைக் கழித்துக்கொள்ளும் வரம்பை 10,000 டாலரிலிருந்து 40,000 டாலராக உயர்த்த வைத்தார்கள். கிராமப்புற மருத்துவமனைகளுக்கு 25 பில்லியன் என்று இருந்த நிதி கடைசி நாட்களில் 50 பில்லியன் ஆனது. அலாஸ்காவில் திமிங்கல வேட்டைப் படகுகளின் தலைவர்களுக்கு இருந்த 10,000 டாலர் கழிவு 50,000 ஆனது. அந்தப் பூர்வகுடி மக்கள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, அது அவர்கள் வாழ்க்கை. ஆனால் நாட்டின் வரவு செலவுக்கான மசோதாவில் அது எப்படி நுழைந்தது? அந்த மாநிலத்தின் ஒரு செனட்டரின் வாக்கு தேவைப்பட்டது, அவ்வளவுதான் காரணம்.

எனக்கும் பங்கு வந்திருக்கிறது. 65 வயது தாண்டியவர்களுக்கு 6,000 டாலர் கழிவு. நான் கேட்கவில்லை. 2028 வரைக்கும்தானாம். 2028 அதிபர் தேர்தல் ஆண்டு. அந்த ஆண்டில் முதியவர்களின் சலுகையை முடிய விடும் தைரியம் இரண்டு கட்சியிலும் யாருக்கும் இருக்காது.

[காலை 7:34] எடிசன் அக்கா: மாமா, அந்த 40,000 எங்களைப் போன்ற நியூ ஜெர்சிக்காரர்களுக்குத்தான். எங்கள் வீட்டுச் சொத்து வரியே 13,000 டாலர். மாநில வருமான வரி தனி. 10,000க்கு மேல் கழிக்க முடியாது என்று 2017இல் உங்கள் கட்சிதான் கை வைத்தது. இப்போது அதைத் திருப்பிக் கொடுத்ததைச் சலுகை என்கிறீர்கள்.

[காலை 7:37] பிளேனோ மாமா: உன் மேல் கோபம் இல்லை கண்ணம்மா. வரியை விதிப்பது உன் மாநிலம், செலவழிப்பதும் உன் மாநிலம். அதன் சுமையில் ஒரு பங்கை டெக்ஸாஸில் இருக்கும் தச்சரும் கொத்தனாரும் ஏன் சுமக்க வேண்டும்? அந்த வரம்பு இருந்தால்தான் உங்கள் மாநிலச் சட்டமன்றம் செலவைப் பற்றி ஒரு தடவை யோசிக்கும்.

[காலை 7:38] எடிசன் அக்கா: நெடுங்காலமாக நியூ ஜெர்சி வாஷிங்டனுக்குக் கொடுப்பது அதிகம், திரும்பப் பெறுவது குறைவு. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் மாமா.

[காலை 7:41] ஆஸ்டின் அத்தான்: அப்பா, மாற்று வழி என்ன, சொல்லுங்கள். மசோதா தோற்றிருந்தால் ஜனவரி 1 அன்று பெரும்பாலானோருக்கு வரி ஏறியிருக்கும். எனக்கு இரண்டு பிள்ளைகள். பிள்ளைக்கு 2,200 டாலர் வரிச் சலுகை என்பது எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவியைப் பெற வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் வந்திருக்கிறது. பல ஆண்டுகளாக நீங்கள் கேட்டதுதானே அது? கேட்டதில் பாதி கிடைத்தால் வாங்கிக்கொண்டு, மீதிக்கு அடுத்த தடவை போராட வேண்டும். ஆட்சி நடத்துவது அப்படித்தான்.

[காலை 7:50] பிளேனோ மாமா: நமக்குக் கிடைத்த பாதி எது என்று பார். டிப்ஸுக்கு வரிக் கழிவு, கூடுதல் நேர வேலைக்குக் கழிவு, என் முதியோர் கழிவு எல்லாம் இந்த 2025 ஆண்டிலிருந்தே. வேலை நிபந்தனை எப்போது? 2026 முடிந்து, அதாவது நவம்பர் காங்கிரஸ் தேர்தல் தாண்டி. மருத்துவ உதவிக்காக மருத்துவமனைகள் மேல் மாநிலங்கள் போடும் வரியைக் குறைக்கும் விதி? 2028இல் தொடங்கிப் படிப்படியாக. கொடுப்பதற்குத் தேதி இன்று, குறைப்பதற்குத் தேதி நாளை.

இந்த நாளையை நான் 1982இலிருந்து பார்க்கிறேன். அந்த ஆண்டு ரீகன் ஒரு டாலர் வரி உயர்வுக்கு மூன்று டாலர் செலவுக் குறைப்பு என்று நம்பிக் கையெழுத்திட்டார். வரி ஏறியது. சொன்ன அளவுக்குக் குறைப்பு வரவில்லை. 1988இல் புதிய வரியே கிடையாது என்று மேடையில் வாக்குக் கொடுத்த மூத்த புஷ், 1990இல் ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் ஜனநாயகக் கட்சியினரோடு உட்கார்ந்து பேசி, கடைசியில் உச்ச வரி விகிதத்தை 28இலிருந்து 31 ஆக்கினார். 2011இல் செலவுக்கு உச்சவரம்பு கட்டிச் சட்டம் போட்டார்கள். 2013, 2015, 2018, 2019 என்று நான்கு தடவை இரு கட்சியும் கைகுலுக்கிக்கொண்டு அந்த வரம்பை உயர்த்தின.

நான் குடிமகனாகி முதன்முதலில் வாக்களித்தது 1992இல். இரண்டு கட்சியிலும் சேராமல் அதிபர் பதவிக்கு நின்ற ராஸ் பெரோவுக்குப் போட்டேன். தொலைக்காட்சியில் அரை மணி நேரம் வாங்கி, கையில் வரைபட அட்டைகளை வைத்துக்கொண்டு கடனை விளக்கினார் அந்த மனிதர். வாக்களித்தவர்களில் 19 சதவீதம் பேர் அவருக்குப் போட்டார்கள்.

[காலை 7:53] எடிசன் அக்கா: நீங்கள் திட்டும் 1990 ஒப்பந்தம் இல்லாமல் 1998இல் உபரி வந்திருக்காது மாமா. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைத்தாக வேண்டும் என்ற விதி அதில்தான் வந்தது. 1993இல் கிளின்டன் வரியை உயர்த்தினார். 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டு உபரி. சமரசம் செய்தவர்கள்தான் கணக்கை நேராக்கினார்கள்.

[காலை 7:56] பிளேனோ மாமா: 1990இன் அந்த விதி நல்ல விதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பனிப்போர் முடிந்து ராணுவச் செலவு இறங்கியதையும், கணினித் துறை பொங்கியதையும், 1997இல் குடியரசுக் கட்சிக் காங்கிரஸ் கிளின்டனோடு போட்ட பட்ஜெட் ஒப்பந்தத்தையும் விட்டுவிடாதே. அந்த விதியையும் 2002இல் காலாவதியாக விட்டார்கள். அப்போது அதிபர் பதவியும் கீழவையும் என் கட்சியிடம்தான் இருந்தன. அதை மறைக்க மாட்டேன்.

[காலை 7:58] ஆஸ்டின் அத்தான்: பட்ஜெட் அலுவலகம் வளர்ச்சியை முழுதாகக் கணக்கில் எடுப்பதில்லை அப்பா. வரி குறைந்தால் தொழில் பெருகும், வரவு கூடும்.

[காலை 8:00] பிளேனோ மாமா: 2017லும் இதையே சொன்னார்கள், நானும் கைதட்டினேன். வரிக் குறைப்பு நல்லதுதான், இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2019இல், கொரோனாவுக்கு முன்னால், எல்லோருக்கும் வேலை இருந்த நல்ல காலத்திலேயே பற்றாக்குறை கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி. செலவைக் குறைக்காமல் வரியைக் குறைத்தால் அந்த வரி ஒழிந்துவிடாது. உன் பிள்ளைகளின் பெயருக்கு மாறுகிறது. 2,200 டாலரை வாங்கிக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் பெயரில் எழுதியிருக்கும் கடனையும் பார்.

[காலை 8:03] மதுரை பெரியம்மா: கணக்கெல்லாம் எனக்குப் புரியாது தம்பி. ஆனால் அடகுக் கடையில் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்துக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நகை வீட்டுக்குத் திரும்பியதே இல்லை.

[காலை 8:06] பிளேனோ மாமா: அக்கா, அதேதான். 2024 நிதியாண்டில் வரவு சுமார் 4.9 லட்சம் கோடி, செலவு சுமார் 6.8 லட்சம் கோடி. வட்டிக்குப் போனது ராணுவத்துக்குப் போனதைவிட அதிகம். மொத்தக் கடன் 36 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. அது முதல் ஒரு லட்சம் கோடியைத் தொட்டது 1981 அக்டோபரில்தான். போன மே மாதம் கடன் தரத்தை மதிப்பிடும் மூடிஸ் நிறுவனமும் நாட்டின் கடன் தரத்தை ஒரு படி இறக்கிவிட்டது. மற்ற இரண்டு நிறுவனங்கள் 2011லும் 2023லும் இறக்கியாயிற்று.

[காலை 8:08] நான்: அப்படியானால் எதிர்த்து வாக்களித்தவர்கள் யாருமே இல்லையா மாமா?

[காலை 8:12] பிளேனோ மாமா: கீழவையில் நம் கட்சியில் இரண்டே பேர். கடனுக்காக எதிர்த்தவர் கென்டக்கியின் தாமஸ் மாசி ஒருவர்தான். மற்றவர் பென்சில்வேனியாவின் பிட்ஸ்பேட்ரிக், அவருடைய காரணம் வேறு. மாசி என்னைப் போலப் பொறியாளர். கோட்டில் ஒரு சின்னக் கருவியைக் குத்திக்கொண்டிருப்பார். நாட்டின் கடன் தொகை அதில் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் டெக்ஸாஸ் சிப் ராயும் தென் கரோலினாவின் ரால்ஃப் நார்மனும் செனட் அனுப்பிய வடிவத்தைக் கடுமையாகக் குறை சொன்னார்கள். அவர்களை நம்பித்தான் புதன்கிழமை இரவு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தேன். மசோதாவை விவாதத்துக்கு எடுப்பதற்கான நடைமுறை வாக்கெடுப்பை மணிக்கணக்காகத் திறந்தே வைத்திருந்தார்கள். அதிகாலை மூன்று மணிக்கு மேல், எதிர்த்தவர்கள் ஒவ்வொருவராக ஆதரவுக்கு மாறினார்கள். மதியம் இறுதி வாக்கெடுப்பிலும் ராய், நார்மன் இருவரும் ஆதரவு. அந்தக் காட்சிதான் என்னைத் தூங்க விடவில்லை.

[காலை 8:15] ஆஸ்டின் அத்தான்: மாசி ஒருவர் நின்றதால் என்ன மாறியது? எல்லோரும் மாசியாக இருந்தால் ஒரு மசோதாவும் நிறைவேறாது. 2023இல் நம் கட்சியின் அவைத் தலைவர் கெவின் மெக்கார்த்தியைப் பதவியிலிருந்து தூக்கி எறிந்தார்களே, அதனால் ஒரு டாலராவது குறைந்ததா? நீங்கள் சமரசமே கூடாது என்கிறீர்கள்.

[காலை 8:24] பிளேனோ மாமா: அப்படி நான் சொல்லவே இல்லை. 1983ஐ எடுத்துக்கொள். சமூகப் பாதுகாப்பு நிதி காலியாகும் நிலை. ரீகனும் ஜனநாயகக் கட்சியின் அவைத் தலைவர் டிப் ஓ'நீலும் உடன்பட்டார்கள். ரீகன் பக்கம் சம்பளத்தில் பிடிக்கும் வரியை முன்கூட்டியே உயர்த்தச் சம்மதித்தது. ஓ'நீல் பக்கம் ஓய்வு வயதை 65இலிருந்து 67க்கு ஏற்ற விட்டது. இரண்டு பேருக்கும் அவரவர் ஆட்களிடம் திட்டு கிடைத்தது.

அந்தச் சட்டத்தில் பிறந்த ஆண்டு வாரியாக அட்டவணை இருந்தது. 1957இல் பிறந்த எனக்கு முழு ஓய்வூதிய வயது 66 ஆண்டு 6 மாதம். அந்த ஒன்றரை ஆண்டு நான் கொடுத்தது. முழு மனதோடு கொடுத்தேன், ஏனென்றால் எதிர்ப் பக்கமும் கொடுத்தது கண்ணுக்குத் தெரிந்தது.

இப்போது நடப்பதில் யார் எதை விட்டார்கள்? அலாஸ்கா வாங்கியது, நியூ ஜெர்சி வாங்கியது, நான் வாங்கினேன், நீ வாங்கினாய். விட்டுக்கொடுத்தவர்கள் அந்த மேசையில் இல்லாதவர்கள். உன் இரண்டு பிள்ளைகளும் அதில் அடக்கம்.

[காலை 8:26] எடிசன் அக்கா: மாமா, அந்த 1983 குறைப்பும் பின்னால் தள்ளி வைத்ததுதானே? 2000க்குப் பிறகுதான் வயது ஏறத் தொடங்கியது.

[காலை 8:29] பிளேனோ மாமா: தள்ளி வைத்ததுதான். ஆனால் அது தானாக நடக்கும்படி சட்டத்திலேயே எழுதப்பட்டது. யாரும் மறுபடி வாக்களிக்க வேண்டியதில்லை. அதனால்தான் அது நிலைத்தது. 2011 வரம்பை ஒவ்வொரு இரண்டு ஆண்டும் திறந்து பார்க்க வழி இருந்தது, திறந்தார்கள். இன்றைக்கு எழுதியிருக்கும் குறைப்புகளையும் அப்படித்தான் திறப்பார்கள் என்பது என் பயம்.

[காலை 8:31] எடிசன் அக்கா: அப்படியானால் ஓய்வூதியத்திலும் முதியோர் மருத்துவக் காப்பீட்டிலும் கை வைக்கச் சம்மதமா? செலவில் பெரிய பகுதி அங்கேதான் இருக்கிறது.

[காலை 8:33] பிளேனோ மாமா: சம்மதம். என்னைப் போல் வசதி உள்ளவர்களுக்குக் குறைக்கட்டும், இளையவர்களுக்கு வயதை ஏற்றட்டும். பதிலுக்கு உன் பக்கம் எதை விடும் என்று நீ சொல்.

[காலை 8:34] எடிசன் அக்கா: இரண்டரை லட்சத்துக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு வரி ஏறினால் நாங்களும் அதில் வருவோம். கட்டுவோம் மாமா. உண்மையாகவே.

[காலை 8:36] பிளேனோ மாமா: வாக்கெடுப்புக்கு வராத ஒரு மசோதா இது. நீயும் நானும் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டோம்.

[காலை 8:38] ஆஸ்டின் அத்தான்: அப்பா, அப்படியானால் அடுத்த மார்ச்சில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் யாருக்குப் போடுவீர்கள்?

[காலை 8:42] பிளேனோ மாமா: யார் வந்தாலும் ஒரே கேள்வி. எந்தச் செலவை, எந்த ஆண்டில், எவ்வளவு குறைப்பீர்கள், அது உங்கள் பதவிக் காலத்துக்குள் வருமா? வீண்செலவு, மோசடி என்று பொதுவாகப் பேசினால் என் வாக்கு இல்லை. திட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். உன் தொகுதியிலும் இதைக் கேள்.

[காலை 8:43] ஆஸ்டின் அத்தான்: கேட்கிறேன். ஆனால் இந்த மசோதாவை ஆதரித்தவருக்கு எதிராக வாக்களிக்க மாட்டேன்.

[காலை 8:44] பிளேனோ மாமா: அது உன் உரிமை. நான் வாக்களிப்பேன்.