கலைச்சொல் விவாதம்: பேரடைகளின் ‘திரள்வு’

அனைவருக்கும் வணக்கம்.

பேரடைகள் (கேலக்சிகள்) வெளியில் சீராகப் பரவாமல் ஒன்றையொன்று நெருங்கிச் சேர்ந்திருப்பதை ஆங்கிலத்தில் ‘கேலக்சி கிளஸ்டரிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் குழுவில் நடக்கும் உரையாடலில் கொத்தாக்கம், கொத்தமைவு, குழுமல், மொய்ப்பு என்று நான்கு சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. நான் ‘திரள்வு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். காரணம் சொல்ல வேண்டுமானால், வானியலில் இந்தச் சொல்லுக்கு என்ன வேலை என்பதைக் கொஞ்சம் விரித்துத்தான் எழுத வேண்டும். மடல் நீளும், பொறுத்தருள்க.

முதலில் கொத்து. விண்மீன் கொத்து, பேரடைக் கொத்து இரண்டும் நன்றாக வேரூன்றிவிட்ட சொற்கள். அவற்றில் கை வைக்கத் தேவையில்லை. 1933இல் வானியலாளர் பிரிட்ஸ் சுவிக்கி ஆராய்ந்த கோமா என்ற பேரடைக் கொத்து ஒரு பொருள். வானத்தில் இன்ன இடத்தில் இருக்கிறது என்று காட்டலாம், அதற்கு நிறை உண்டு, சில மெகாபார்செக் குறுக்களவு உண்டு (ஒரு மெகாபார்செக் சுமார் 33 இலட்சம் ஒளியாண்டு). கிளஸ்டரிங் அப்படிக் காட்டக்கூடிய பொருளன்று. ஒரு பேரடையிலிருந்து குறிப்பிட்ட தொலைவில் இன்னொரு பேரடை இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு? எல்லாப் பேரடைகளையும் வெளியில் ஒழுங்கின்றி வாரி இறைத்திருந்தால் அந்த வாய்ப்பு எவ்வளவு இருந்திருக்கும்? முன்னது பின்னதைவிட எவ்வளவு கூடுதலோ அதுதான் கிளஸ்டரிங்கின் அளவு. இதைத் தொலைவு வாரியாகக் கணக்கிட்டுத் தருவது இருபுள்ளி ஒட்டுறவுச் சார்பு (டூ-பாயின்ட் கோரிலேஷன் ஃபங்ஷன்). சுமார் 7 மெகாபார்செக் தொலைவில் வாய்ப்பு இரட்டிக்கிறது. 150 மெகாபார்செக்கில், அதாவது ஏறத்தாழ 49 கோடி ஒளியாண்டுத் தொலைவில், கூடுதல் என்பது நூற்றில் ஒன்று என்ற அளவுக்கு மெலிந்துவிடுகிறது.

அந்த நூற்றில் ஒன்றில்தான் பேரண்டத்தின் கணக்கே இருக்கிறது. 2005இல், பேரடைகளின் இருப்பிடங்களை அளந்து வரைபடமாக்கும் ஸ்லோன் அளவைக் குழு 46,748 ஒளிர்மிகு செம்பேரடைகளை வைத்து அந்தத் தொலைவில் ஒரு சிறு மேட்டைக் கண்டது. அதே ஆண்டில் ஆங்கிலோ-ஆஸ்திரேலியத் தொலைநோக்கியில் இயங்கிய டூ-டிகிரி-ஃபீல்டு என்ற இன்னோர் அளவைக் குழுவும் தன் தரவில் அதே தடயத்தைக் கண்டது. பேரண்டத்துக்கு வயது சுமார் 3,80,000 ஆண்டுகளாக இருந்தபோது, கொதிநிலையில் இருந்த மின்மத்தில் (பிளாஸ்மாவில்) ஓடிய ஒலியலைகள் நின்றுபோன தொலைவு அது. அங்கே கொத்து எதுவும் கிடையாது. வானத்தைப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, பல்லாயிரம் இணைகளை எண்ணிக் கூட்டினால்தான் மேடு எழும். அதைக் ‘கொத்தாக்கம்’ என்று எழுதினால் படிப்பவர் கோமாவைப் போன்ற ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார். என் முதல் மறுப்பு இது.

இரண்டாவது மறுப்பு இலக்கணம் சார்ந்தது. கொத்தாக்கம் பிறவினை. தரவு அறிவியலில் அது மிகவும் பொருந்தும், ஏனென்றால் அங்கே ஒரு நிரல் உட்கார்ந்து தரவுகளைக் கொத்துக்கொத்தாக ஆக்குகிறது. பேரடைகளை யாரும் ஆக்கவில்லை. ஈர்ப்பினால் அவை தாமே சேர்கின்றன. தமிழில் திரள், திரட்டு என்ற இணை இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. நிதி திரட்டுகிறோம், ஆனால் மேகம் திரள்கிறது, கண்ணீர் திரள்கிறது, கூட்டம் திரள்கிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்கிறோமே, அந்தத் திரளுதல் இந்த இயற்பியலோடு அப்படியே ஒத்துப்போகிறது. மோரில் எங்கும் மெல்லியதாகப் பரவியிருந்ததுதான் ஓரிடத்தில் கூடிவருகிறது, வெளியிலிருந்து எதுவும் வந்து சேர்வதில்லை. தொடக்கத்தில் இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவே இருந்த அடர்த்தி வேறுபாடுகள் வளர்ந்து பேரடைகளானதும் இவ்வாறுதான்.

மொய்ப்பு அழகான சொல். பேரடை என்பதிலேயே அடை இருப்பதால் தேனீ நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் மொய்ப்பதற்கு நடுவில் ஏதாவது வேண்டும். பேரண்டத்துக்கு நடுவிடம் கிடையாது. இங்கே ஒவ்வொரு பேரடையையும் முறைவைத்து நடுவில் நிறுத்தித்தான் எண்ணுகிறோம். குழுமல் பொருளளவில் சரியே, ஆனால் ‘குழுமம்’ இன்று வணிக நிறுவனங்களுக்கும் இணையக் குழுக்களுக்கும் பெயராகிவிட்டது.

பள்ளி ஆசிரியராக இருந்த ஐயா ஒருவர் எழுப்பியதுதான் திரள்வுக்கு எதிரான வலுவான தடை. பாடநூல்களில் கேலக்சியையே விண்மீன் திரள் என்றுதானே எழுதுகிறார்கள், திரள் என்பதை ஏற்கெனவே செலவழித்துவிட்டோமே என்றார். ஐயா சொல்வது உண்மை. பேரடை என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் மோதல் இல்லை, நான் அதையே பின்பற்றுகிறேன். விண்மீன் திரளை விட மனமில்லாதவர்கள் ‘விண்மீன் திரள்களின் திரள்வு’ என்று எழுத வேண்டிவரும். ஓசை சற்று இடறினாலும் பொருள் பிழைபடாது, விண்மீன்களைச் சேர்த்ததும் பேரடைகளைச் சேர்த்ததும் ஒரே ஈர்ப்புதான்.

இனி, திரள்விலிருந்து பருப்பொருள் அடர்த்தி எப்படிக் கிடைக்கிறது என்பதற்கு வருகிறேன். சொல் தாங்குமா என்று இங்கேதான் தெரியும்.

பேரண்டம் தட்டையான வடிவியலோடு இருக்கத் தேவையான அடர்த்தியை மாறுநிலை அடர்த்தி என்கிறோம். இன்றைய விரிவு வீதத்தில் அது ஒரு கன மீட்டருக்குச் சுமார் ஐந்து ஹைட்ரஜன் அணு. அதில் பருப்பொருளின் பங்கு எவ்வளவு என்பதுதான் ஒமேகா-எம். பேரண்டத்தின் இளமையில் கதிர்வீச்சின் கை ஓங்கியிருந்தது. அந்நிலை நீடித்தவரை, ஒளி கடந்திருக்கக்கூடிய தொலைவுக்குள் அடங்கிவிட்ட சிறிய அடர்த்தி ஏற்ற இறக்கங்களால் வளர முடியவில்லை. அதைவிடப் பெரியவை தடையின்றி வளர்ந்தன. பருப்பொருள் அடர்த்தி கதிர்வீச்சின் அடர்த்தியைத் தொட்ட கணத்தில் அந்தத் தொலைவு என்னவாக இருந்ததோ, அது திரள்வு வளைகோட்டில் ஒரு திருப்பமாகப் பதிந்துவிட்டது. பருப்பொருள் அதிகமாக இருந்தால் அந்தக் கணம் முன்னதாகவே வந்திருக்கும், தொலைவும் சிறியதாக இருக்கும். குறைவாக இருந்தால் கணம் தள்ளிப்போய், மிகப் பெரிய தொலைவுகளிலும் திரள்வு எஞ்சி நிற்கும்.

1990இல் நடந்தது இதற்கு நல்ல சான்று. சைடிங் ஸ்பிரிங்கில் உள்ள பிரிட்டிஷ் ஷ்மிட் தொலைநோக்கி எடுத்த ஒளிப்படத் தகடுகளைக் கேம்பிரிட்ஜில் ஒரு பொறி வரி வரியாக வருடிச் சுமார் 20 இலட்சம் பேரடைகளைப் பட்டியலிட்டது. மேடாக்ஸ், எஃப்ஸ்டாத்தியு, சதர்லண்டு ஆகிய ஆய்வாளர்கள் அந்தப் பட்டியலில் பெருந்தொலைவுத் திரள்வை அளந்தார்கள். பருப்பொருளில் பெரும்பகுதி ஒளிராத, மெதுவாக நகரும் துகள்கள் என்றும் ஒமேகா-எம் ஒன்று என்றும் கொண்ட அன்றைய குளிர் கரும்பொருள் கொள்கை எதிர்பார்த்ததைவிட அது அதிகமாக இருந்தது. பருப்பொருள் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், மீதிக்கு வெற்றுவெளிக்கே உரிய ஆற்றலான அண்டவியல் மாறிலி இருக்கலாம் என்று அந்த ஆண்டே எழுதினார்கள். தொலைதூர மீவெடிப்பு விண்மீன்களை (சூப்பர்நோவா) அளந்து, பேரண்டம் மேலும் மேலும் வேகமாக விரிகிறது என்று அறிவித்தது 1998இல்தான். அந்த வேகத்துக்குக் காரணமாகக் கருதப்படுவதும் இந்த மாறிலிதான். எட்டு ஆண்டுகளுக்கு முன்பே திரள்வு அதைச் சுட்டிக்காட்டியது என்பதைத் தமிழில் இன்னும் பரவலாக எழுத வேண்டும் என்பது என் ஆசை.

மேலே சொன்ன திரள்வு வளைகோட்டுக்குப் ‘பவர் ஸ்பெக்ட்ரம்’ என்று பெயர். தமிழ்நாட்டு வழக்கில் திறன் நிறமாலை என்றும், ஈழத்து வழக்கில் வலுத் திருசியம் என்றும் ஆகும். இங்கே நிறத்துக்கு இடமில்லை, கண்ணால் காண்பதற்கும் இடமில்லை. நிறத்தைக் கழற்றிவிட்டுத் ‘திறன்மாலை’ என்று எழுதலாமா? வலுமாலை என்றாலும் எனக்குச் சம்மதமே. ‘சர்வே’ என்பதற்கு அளவை போதும், நில அளவை என்று ஊரெல்லாம் சொல்லிப் பழகியிருக்கிறது. பேரடை விலகிச் செல்வதால் அதன் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதே செம்பெயர்ச்சி (ரெட்ஷிஃப்ட்), அதைக் கொண்டுதான் தொலைவைக் கணிக்கிறோம். செம்பெயர்ச்சி அளவை என்றால் யாருக்கும் தடுமாற்றம் இருக்காது.

அந்த அளவை எடுக்கும் வேலையை ஒரு வரி சொல்லாமல் போக முடியவில்லை. நியூ மெக்சிகோவில் ஸ்லோன் குழுவினர் ஒவ்வொரு வானத் துண்டுக்கும் ஓர் அலுமினியத் தகட்டில் பேரடைகள் இருக்கும் இடங்களிலெல்லாம் துளையிட்டு, பேரடைகளின் ஒளியைக் கருவிக்குக் கொண்டுசெல்லும் 640 கண்ணாடி இழைகளைக் கையாலேயே செருகினார்கள். பின்னாளில் அது 1,000 இழைகளானது. இன்று அரிசோனாவின் கிட் பீக்கில் டெசி கருவியில் 5,000 சிறு இயந்திரக் கைகள் இழைகளைத் தாமே நகர்த்திக்கொள்கின்றன.

இனி எனக்கு இன்னும் தீராத சொல்லுக்கு வருகிறேன். பேரடைகளின் திரள்வும் பருப்பொருளின் திரள்வும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒளிர்மிகு செம்பேரடைகளில் அடர்த்தி ஏற்ற இறக்கம் பருப்பொருளினுடையதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. இந்த விகிதத்தை ஆங்கிலத்தில் ‘பயஸ்’ என்கிறார்கள். இது அடர்த்திக் கணக்கை எப்படிப் புரட்டிப்போடும் என்று பாருங்கள். அடர்ந்த பகுதியை நோக்கிப் பேரடைகள் விழுகின்றன. அப்பால் இருப்பவை நம்மை நோக்கியும், இப்பால் இருப்பவை நம்மைவிட்டு விலகியும் நகர்கின்றன. அந்த வேகம் செம்பெயர்ச்சியில் கலப்பதால், செம்பெயர்ச்சியை வைத்து வரையும் வரைபடத்தில் அந்தப் பகுதி நம் பார்வைக் கோட்டின் திசையில் தட்டையாகத் தெரியும். நிக் கெய்சர் 1987இல் கணக்கிட்டுக் காட்டியது இது. தட்டைப்பட்ட அளவை வைத்து நமக்குக் கிடைப்பது, ஒமேகா-எம்மின் 0.6 அடுக்கைப் பயஸால் வகுத்த எண். 2001இல் டூ-டிகிரி-ஃபீல்டு குழு 1,41,000 பேரடைகளைக் கொண்டு அந்த எண் 0.43 என்றது, பிழை 0.07. பயஸ் 1 என்றால் ஒமேகா கால் பங்கு, 1.5 என்றால் ஏறக்குறைய அரைப் பங்கு. மறு ஆண்டில் லிசியா வெர்டே என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் மூன்று மூன்று பேரடைகளாக எடுத்து ஆராய்ந்து, அந்தத் தரவில் பயஸ் 1.04 என்று கண்டார்கள். ஒமேகா-எம் 0.27 ஆனது.

இந்தப் பயஸைச் ‘சார்பு’ என்று எழுத முடியாது. கணக்குப் பாடத்தில் சார்பு என்றால் ஃபங்ஷன், மேலே ஒட்டுறவுச் சார்பு என்று நானே எழுதியிருக்கிறேன். மின்னணுவியலில் முன்னோக்குச் சார்பு வேறு இருக்கிறது. நம் குழுவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் சொன்ன ‘பிறழ்ச்சி’ புள்ளியியலில் பொருந்தும், ஆனால் இங்கே பிறழ்ந்தது எதுவுமில்லை, இது பேரடைகளின் இயல்பு. ‘திரள்வு மடங்கு’ என்பது என் பரிந்துரை. ஒன்றுக்குக் கீழேயும் மேலேயும் போகலாம், பிழை என்று குற்றம் சுமத்தாது.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: “2025 மார்ச்சில் டெசி குழு 1.4 கோடிக்கும் மேற்பட்ட பேரடைகள், குவாசார்களின் (மிகப் பிரகாசமான பேரடை மையங்களின்) திரள்வில் பதிந்த ஒலியலைத் தடத்தை அளந்து, பருப்பொருளின் பங்கு 0.2975 என்று வெளியிட்டது. பேரண்டத்தின் இளமையிலிருந்து எஞ்சிய நுண்ணலைப் பின்னணி ஒளியைப் பிளாங்க் செயற்கைக்கோள் அளந்து தந்தது 0.315.” எனக்குத் தடையின்றி ஓடுகிறது.

திரள்வு மடங்கில் மட்டும் ஓர் ஐயம். திரள்வை அளக்கும் ஒட்டுறவுச் சார்பில் இந்த விகிதம் இருபடியாக வருகிறது. செம்பேரடைகளின் மடங்கு இரண்டு என்றால் ஒட்டுறவு நான்கு மடங்காகும். ‘திரள்வு இத்தனை மடங்கு’ என்று படிப்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. ‘ஏற்ற இறக்க மடங்கு’ துல்லியமானது, ஆனால் நீளம். துல்லியமும் சுருக்கமும் சேர்ந்த சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அதுவரை என் கட்டுரை வரைவில் திரள்வு மடங்கு என்றே வைத்து, முதல் இடத்தில் இருபடி விவரத்தையும் ஒரு வரியில் சேர்த்துவிடுகிறேன்.