புதுப்பிப்பு: கூப்பிட்டால் வராத எங்கள் ராஜபாளையம் நாய்

மண்டபம் கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் மேல் பாய்ந்துவிட்டு, கூப்பிடக் கூப்பிட ஓடினானே எங்கள் நாய், அவன் நிலவரம் இது.

இப்போதெல்லாம் 10 மீட்டர் கயிறு இல்லாமல் மணலில் இறங்குவதில்லை. "வா" என்று ஒரே தடவைதான். வந்தால், உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த மீன் துணுக்கு. வராவிட்டால் கத்தாமல் எதிர்ப்பக்கம் நடந்துவிடுவேன். முன்பெல்லாம் தாமதமாக வந்தால் திட்டுவேன். வந்ததற்குத்தான் திட்டு என்று நினைத்திருக்கிறான், பாவம்.

ஆடு ஓடினால் மட்டும் இன்னும் காது அடைத்துக்கொள்கிறது. வேட்டை நாயாயிற்றே.

நேற்று மீன் ஏலக் கூடைகளுக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தான். எச்சில்தான் மணலில் ஒழுகிக்கொண்டே இருந்தது. கயிற்றை அவிழ்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.