தாய் பிரித்த வெண்பன்றிக் குட்டிக்குத் தீவனத்தில் எதைச் சேர்த்தீர்கள்? எங்கள் அனுபவம்

திருவள்ளூர் பக்கத்துப் பண்ணையிலிருந்து:

எங்களிடம் இருப்பதெல்லாம் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர். தாயிடம் இருக்கும்வரை கொழுகொழுவென்று திரியும் குட்டி, பிரித்த சில நாளில் வாலோரம் மஞ்சள் கழிச்சல் ஒட்டி, மயிர் சிலிர்த்து, சுவரோரம் ஒண்டிக்கொள்ளும். கழிச்சல் நின்றாலும், கூடப் பிறந்தவற்றின் எடையை அது எட்டிப் பிடிப்பது அபூர்வம்.

முன்பெல்லாம் இதற்குக் கடையில் கொலிஸ்டின் பொடி கொடுப்பார்கள். மனிதர்களுக்கு வேறெந்த மருந்தும் கேட்காதபோது டாக்டர்கள் கடைசியாகக் கையிலெடுக்கும் மருந்து அது. 2019-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தது ரொம்ப நல்ல காரியம். வெளிநாடுகளில் டன்னுக்கு இரண்டரை, மூன்று கிலோ என்று ஜிங்க் ஆக்ஸைடு (துத்தநாக ஆக்ஸைடு) கலந்தார்கள். கழிச்சல் கட்டுப்பட்டது, ஆனால் துத்தநாகம் பெரும்பாலும் சாணத்தோடு வெளியேறி மண்ணில் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் அதையும் நிறுத்திவிட்டது.

எங்களுக்குக் கைகொடுத்தது சிட்ரிக் அமிலம். 100 கிலோ குட்டித் தீவனத்துக்கு ஒரு கிலோ. பால் குடிக்கும்போது பாலிலுள்ள சர்க்கரை புளித்து வயிற்றைப் புளிப்பாக வைத்திருக்கும். பிரித்ததும் அது போய்விடும், குட்டிக்குத் தானாக அமிலம் போதுமான அளவு சுரக்கவும் செய்யாது. அதனால் சோயாப் புரதம் செரிக்காமல் குடலுக்கு இறங்கி, அங்கே ஈ-கோலை என்ற கழிச்சல் கிருமிக்குத் தீனியாகிறது.

எங்கள் கால்நடை டாக்டர் சொன்ன இன்னொன்றுதான் முக்கியம்: “தீவனத்துல போடுற கால்சைட்டை, அதாவது சுண்ணாம்புத் தூளைக் குறைங்க. ஒரு பக்கம் அமிலத்தைப் போட்டு, இன்னொரு பக்கம் சுண்ணாம்பைக் கொட்டினா என்ன பிரயோசனம்?” குறைத்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. குட்டிகள் தொட்டியை விட்டு நகரவே இல்லை, கொட்டில் தரையும் காய்ந்தே கிடந்தது.

நாமக்கல்லிலிருந்து:

அண்ணே, குட்டிக்கு நீங்க சொல்றது சரி. வளர்ந்த பன்றிக்கு என் ஓட்டு லைசினுக்குத்தான் (புரதத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலம்). மக்காச்சோளத் தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவது அதுதான். சுமார் 3 கிலோ லைசினும் 97 கிலோ மக்காச்சோளமும் சேர்ந்தால் 100 கிலோ சோயா புண்ணாக்கில் இருக்கும் லைசின் கிடைத்துவிடும். சோயா விலை ஏறும்போது இதுதான் எங்களைக் காப்பாற்றுகிறது. ஆனால் சோயாவை அடியோடு எடுத்துவிடாதீர்கள், மற்ற அமினோ அமிலங்கள் குறைந்து, வளர்ச்சி நின்று கொழுப்புதான் ஏறும்.

செங்கல்பட்டிலிருந்து:

நாங்கள் ஹோட்டல் கழிவை நம்பி வளர்ப்பவர்கள். 2020-ல் அசாம் பக்கம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்ததிலிருந்து நன்றாகக் கொதிக்க வைக்காமல் ஒரு வாளிகூடக் கொடுப்பதில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் ஈஸ்ட், என்சைம் பொடிகளை அந்தக் கொதிக்கும் டிரம்மிலேயே கொட்டுவார். உயிருள்ள ஈஸ்ட் அந்தச் சூட்டில் செத்துவிடும், என்சைமும் வீணாகிவிடும். “பலனே இல்லை, கம்பெனி ஏமாத்துறான்” என்று அவருக்கு ஒரே கோபம். டிரம்மை இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, கொஞ்சம் தவிட்டில் பொடியைப் பிசறி மேலே தூவச் சொன்னேன். இப்போது அப்படித்தான் செய்கிறார், குட்டிகளும் தேறியிருக்கின்றன. கழிவில் உப்பு அதிகம் என்பதால் தண்ணீர் மட்டும் தொட்டியில் எப்போதும் இருக்க வேண்டும்.