முட்டி மாற்று ஆபரேஷன்: வீட்டுக்காரரை எப்படி நடக்க வைப்பது?

மஞ்சக்குப்பம்_அம்மா:
வீட்டுக்காரருக்கு 67 வயசு. வலது முட்டி மாற்றி 3 வாரம் ஆச்சு. தையல் பிரிச்சாச்சு, புண்ணும் ஆறிடுச்சு. ஆனா பாத்ரூமுக்கு மட்டும்தான் வாக்கர் பிடிச்சு எழுந்திருக்கிறார். மற்ற நேரமெல்லாம் முட்டிக்கு அடியில் தலையணை வைத்து டிவிதான். நான் சொன்னா "வலிக்குது, விடு"ன்னு கோபம். வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்னு பாதி நாள் போடுறதில்லை. என்ன செய்யலாம்?

பிசியோ_புதுவை:
அம்மா, முதல்ல அந்தத் தலையணையை எடுத்துடுங்க. வெச்சா சுகமா இருக்கும், ஆனா முட்டி மடங்கின வாக்கிலேயே இறுகிடும். பிறகு கால் நேராகாது, நடை நொண்டும். அதுக்குப் பதிலா சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைங்க. முட்டி அந்தரத்தில் நிற்கணும். 5 நிமிஷத்தில் ஆரம்பிச்சு 10 வரைக்கும், தினம் மூணு நாலு தடவை. டிவி பார்த்துக்கிட்டே செய்யலாம் என்பதால் சண்டை வராது.

மடக்குறதுக்கு: நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்துக்கு அடியில் பழைய துணி போட்டு, டைல்ஸ் தரையில் காலைப் பின்னால் இழுக்கணும். முடிஞ்ச இடத்தில் 5 எண்ணி விடணும், 10 தடவை. குதிகால் முட்டிக்கு நேர் கீழே வந்தா ஏறக்குறைய 90 டிகிரி. இந்நேரம் அதை நெருங்கியிருக்கணும். ரொம்பத் தள்ளி நின்னா அடுத்த செக்கப் வரை காத்திருக்காம சர்ஜன்கிட்ட காட்டுங்க. இறுகிப்போனா மயக்கம் கொடுத்து மடக்க வேண்டி வரும். இதை நீங்க சொன்னா மிரட்டலாத் தெரியும், பிசியோவை விட்டுச் சொல்லச் சொல்லுங்க.

ஓய்வு_நர்ஸ்:
அவர் பயம் அர்த்தமில்லாததில்லை. டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகள் கிட்னிக்குச் சுமைதான். டாக்டர் சொன்ன அளவில் போடும் பாராசிட்டமால் அந்த வகை இல்லை. சீட்டை எடுத்துப்போய் எது எதுன்னு அவரையே டாக்டர்கிட்ட கேட்கச் சொல்லுங்க. பயிற்சிக்கு அரை மணி, முக்கால் மணி முன்னாடி மாத்திரை. முடிச்சதும் துணி சுற்றின ஐஸ் 15 நிமிஷம். மாத்திரை போடாம மடக்கினா வலி உயிர் போகும், மறுநாள் யார் சொன்னாலும் கேட்க மாட்டார்.

கெண்டைக்கால் திடீர்னு வீங்கி வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ பயிற்சியை நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலோ, தையல் இடத்தில் நீர் கசிவோ இருந்தாலும் அன்னைக்கே காட்டணும்.

மஞ்சக்குப்பம்_அம்மா:
ரொம்ப நன்றி. வாக்கரோட தெருவில் இறங்க வெட்கப்படுறார். அதுக்கு என்ன வழி?

பிசியோ_புதுவை:
விடிகாலை 5.30க்குக் கூட்டிப்போங்க, தெரு காலியா இருக்கும். வாசல்படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல. பிசியோ கைத்தடிக்கு மாற்றினா அது இடது கையில் இருக்கணும். பலர் வலிக்கிற பக்கமே பிடிச்சு முட்டிக்குச் சுமை ஏத்திக்கிறாங்க.

திருப்பாப்புலியூர்_வாசி:
"நட"ன்னு சொல்லாதீங்கம்மா. "காபிக்கு முன்னாடியா, பின்னாடியா?"ன்னு கேளுங்க. பேப்பரை வாசலிலேயே விட்டுடுங்க, காபி டம்ளரைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாதீங்க. மணிக்கு ஒருதரம் 3 நிமிஷம் நடந்தா இப்போதைக்குப் போதும். நடந்ததைக் காலண்டரில் அவர் கையாலேயே குறிக்கட்டும்.

கொஞ்சம் தேறினதும் நம்ம கடலூர் சில்வர் பீச் போகலாம், ரோட்டோடு மட்டும். மணலில் கால் புதைஞ்சு முட்டி திருகிக்கும். பாடலீஸ்வரர் கோயில் ஆசை இருந்தா டாக்டர் சம்மதிச்ச பிறகு, சாதாரண நாளில். பிரதோஷக் கூட்டம் வேண்டாம். வெறுங்காலில் ஈரக் கல் வழுக்கும், நிலைப்படி தாண்டும்போது பக்கத்திலேயே நில்லுங்க.