கொள்ளிடக் கரை பழசு, நம்பி வீடு கட்டலாமா?

கொள்ளிடத்தை ஒட்டி இடம் பார்க்கிறோம். பழைய மண் கரை. மேட்டூர் நிரம்பித் திறந்தால் தாங்குமா?

பதில் 1: காவிரியில் தாங்காத வெள்ளத்தை முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்புவதால்தான் டெல்டா தப்பிக்கிறது, அந்தத் தண்ணீரை ஊருக்குள் விடாமல் பிடித்து வைப்பது இந்தக் கரை. ஆனால் பழசு பழசுதான், 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் 9 மதகு உடைந்ததே.

பதில் 2: உயரத்தை மட்டும் பார்க்காதீங்க. தண்ணீர் மேலே வழியாமலே, எலி வளை, மட்கிய வேர் வழியாக உள்ளே அரித்தும் கரை உடையும். வெள்ளத்தில் கரைக்கு இந்தப் பக்கம் ஊற்று கிளம்பி, தெளிவாக வந்தால் கண்காணிக்கணும், மண்ணோடு கலங்கி வந்தால் ஆபத்து, ஊற்றைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கணும். அடைக்கக் கூடாது.

கேட்டவர்: கரை முழுக்கச் சீமைக் கருவேலம்ங்க.

பதில் 2: அப்போ வேற இடம் பாருங்க.