டெர்மினலில் கொடுக்கும் எண்கள் கூடாமல் ஒட்டிக்கொள்கின்றன, ஏன்?

சிப்புட்_தங்கச்சி:
எல்லோருக்கும் வணக்கம். பைத்தான் படிக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. எண்களை நிரலுக்குள் எழுதாமல், ஓட்டும்போதே டெர்மினலில் கொடுக்க வேண்டும் என்பது பயிற்சி. அப்பா இங்கே சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார், ஆலையில் எடை போட்டுக் கொடுக்கும் சீட்டு வீட்டில் நிறைய கிடக்கும், அதையே எடுத்துக்கொண்டேன். முதலில் பிளாக்கின் பெயர், அப்புறம் இரண்டு நடையின் எடை, கிலோவில். டெர்மினலில் கொடுப்பதெல்லாம் சிஸ்.ஆர்க்வி என்ற பட்டியலில் வரிசையாக வரும்; அதில் ஆர்க்வி[1] பெயர், ஆர்க்வி[2], ஆர்க்வி[3] இரண்டையும் கூட்டுகிறேன். அடித்தது இதுதான்:

பைத்தான்3 எடை.பிஒய் பிளாக் 6 12500 9800

22300 வர வேண்டும், 612500 வருகிறது. நாளை மறுநாள் அனுப்பியாக வேண்டும், யாராவது பாருங்களேன்.

ரப்பர்காடு:
டெர்மினலிலிருந்து வருவது எல்லாமே ஸ்ட்ரிங். எண் மாதிரி தெரிந்தாலும் எழுத்துதான், அதனால் + போட்டால் ஒட்டும். இரண்டுக்கும் இன்ட்() போடு, எண்ணாக மாறும்.

சிப்புட்_தங்கச்சி:
போட்டேன் அண்ணா. இப்போது 12506. பெயரும் வெறும் 'பிளாக்' என்றே வருகிறது.

கம்பார்_அக்கா:
தங்கச்சி, கூட்டுவதை விடு, முதல் வரியில் சிஸ்.ஆர்க்வி-யை அப்படியே பிரின்ட் பண்ணிப் பார். இப்படி வரும்:

['எடை.பிஒய்', 'பிளாக்', '6', '12500', '9800']

பார்த்தாயா, பிளாக் தனி, 6 தனி. இடைவெளி வந்த இடத்திலெல்லாம் வெட்டுவது ஷெல், அதாவது டெர்மினலில் நீ அடிக்கும் வரியை முதலில் வாங்கிப் படிக்கும் நிரல், பைத்தான் கைக்கு வரும்போதே துண்டாகித்தான் வருகிறது, நீ கூட்டியது 6-ஐயும் 12500-ஐயும். "பிளாக் 6" என்று இரட்டை மேற்கோளுக்குள் கொடு, ஒரே துண்டாக வரும். ஒற்றை மேற்கோள் விண்டோஸின் பழைய கமாண்ட் பிராம்ப்டில் வேலை செய்யாது. அப்புறம், ஆர்க்வி[0]-இல் நிரலின் பெயரே உட்கார்ந்திருக்கும், ஆகவே மூன்று விவரம் கொடுத்தால் லென், அதாவது பட்டியலின் நீளம், 4. அது 4 இல்லை என்றால் சிஸ்.எக்ஸிட்("பிளாக் பெயர், இரண்டு எடை கொடுங்கள்") என்று நிறுத்திவிடு, இல்லையென்றால் ஒன்றும் கொடுக்காமல் ஓட்டுகிறவருக்கு பட்டியலில் அந்த இடமே இல்லை என்கிற இண்டெக்ஸ் எரர் வந்து நிற்கும், என்ன தப்பு என்றே புரியாது. சரிபார்க்கிறவர் முதலில் அப்படித்தான் ஓட்டிப் பார்ப்பார்.

ரப்பர்காடு:
நான் மேற்கோளைக் கவனிக்கவில்லை, அக்கா சொல்வது சரி. இன்னொன்று. அடுத்து கால்குலேட்டர் பயிற்சி வந்தால், லினக்ஸில் 6 * 7 என்று அடிக்காதே, * இருக்கும் இடத்தில் அந்த ஃபோல்டரில் உள்ள கோப்புப் பெயர்களையெல்லாம் ஷெல் கொண்டுவந்து கொட்டும். '*' என்று மேற்கோளுக்குள் போடு. ஆர்க்பார்ஸ் என்று ஒன்று பைத்தானோடே வருகிறது, எண்ணிக்கை, வகை எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் இந்தப் பயிற்சியைக் கையால் செய்துவிட்டு அதற்குப் போ.

சிப்புட்_தங்கச்சி:
22300 வந்துவிட்டது! அப்பாவிடம் காட்டினேன், சீட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, மூன்று நடை போன நாளுக்கு என்ன செய்வாய் என்கிறார்.

கம்பார்_அக்கா:
நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். ஆர்க்வி[2:] என்று எடுத்தால் இரண்டாவதிலிருந்து மிச்சம் எல்லாம் வரும், ஒவ்வொன்றையும் இன்ட் ஆக்கி லூப்பில் கூட்டு. லென் 4 என்ற சோதனையை 3-க்குக் குறையக் கூடாது என்று மாற்ற மறக்காதே.