எருக்கில் அசுவினியும் எறும்பும்: பட்டாம்பூச்சிப் புழுக்களுக்குத் தீங்கின்றி என்ன செய்யலாம்?

திருவான்மியூரில் வீட்டின் பின்புறமுள்ள மணற்பாங்கான நிலத்தில் எருக்கு, தும்பை, ஆவாரை, கிலுகிலுப்பை ஆகியவற்றை வளர்த்து வருகிறேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தது முதல் எருக்கின் இளந்தளிர்களிலும் மொட்டுகளிலும் மஞ்சள் நிற அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) அப்பிக் கிடக்கிறது. அது வெளியிடும் இனிப்பு நீருக்காகக் கட்டெறும்புகள் இரவும் பகலும் ஏறுவதோடு, அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டுகளையும் விரட்டிவிடுகின்றன. தளிர்கள் சுருண்டுவிட்டன, கீழிலைகளில் கரும்பூசணம் படர்கிறது.

தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் சில நாட்களில் மீண்டும் பெருகுகிறது. தண்டைச் சுற்றி விளக்கெண்ணெய் தோய்த்த துணியைக் கட்டினேன். அதில் மணல் ஒட்டிக்கொண்டதும் எறும்புகள் அதன்மீதே நடக்கத் தொடங்கின, பக்கத்துப் புல்லும் அவற்றுக்குப் பாலமாகிறது. மஞ்சள்தூளும் பயன் தரவில்லை. வேப்பெண்ணெய்க் கரைசலையோ சோப்பு நீரையோ தெளிக்க மனம் வரவில்லை, ஏனெனில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுக்கள் அதே இலைகளைத்தான் தின்று வளர்கின்றன. எருக்கை வைத்திருப்பதே அவற்றுக்காகத்தான். மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் தரும் எறும்புகளின் புற்றை அழிக்கவும் எனக்கு விருப்பமில்லை.

புழுக்களுக்கும் தேனீக்களுக்கும் கேடு வராமல், எறும்புகள் எருக்கில் ஏறுவதை மட்டும் தடுத்தவர்கள் எந்த முறையைக் கையாண்டீர்கள்?